பாம்பின் விலையும் பல்லியின் விலையும்

உழவுக்கு எருது வாங்கச் சந்தைக்குப் போகிறவன் முதலிற் செய்வது, அதன் வாயைத் திறந்து பல்லை எண்ணுவதாகும். பல் வயதைச் சொல்லும். பின்பு குளம்பைப் பார்ப்பான், திமிலைத் தட்டுவான், நாலடி நடக்கவிட்டு நடையைப் பார்ப்பான். இவ்வளவும் முடிந்த பின்னர் சுழி பார்ப்பான். நல்ல சுழி இருந்தால் விலை ஏறும். ஆகாத சுழி இருந்தால், எவ்வளவு உழைக்கும் மாடானாலும் விலை இறங்கும். சுழி என்பது மயிர் வளைந்து கிடக்கும் விதமேயன்றி வேறன்று. அதனால் ஏர் ஆழமாகப் போவதுமில்லை. பால் அதிகமாகச் சுரப்பதுமில்லை. எனினும், தரகர் இருவர் துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசும்போது அந்த மயிர்ச் சுழிக்கும் ஒரு கணக்கு உண்டு.

மாட்டுக்குப் பயன் ஒன்று, தோற்றம் ஒன்று என இரண்டு வகையால் விலை அமைகின்றது. பாம்புக்கு எதனால் அமையும்? அது பால் தராது, ஏர் இழாது, திருடன் வந்தாற் குரைக்காது, எசமானைக் கண்டால் வாலை ஆட்டாது. கூட்டுக்குள்ளே சுருண்டு கிடந்து, வாரம் ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ ஓர் எலியை விழுங்கிவிட்டு மறுபடியும் சுருண்டு கொள்ளும். அத்தகைய பிராணிக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் யப்பானிலும் ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்தவர்கள் உண்டு. அதே இனப் பாம்பை முப்பது நாற்பது டொலருக்கு வாங்கி வந்தவர்களும் உண்டு. ஒரே இனம், ஒரே உணவு, ஒரே கூடு. விலையில் மாத்திரம் இத்தனை வேற்றுமை. பயன் என்பதே இல்லாத ஒரு பொருளுக்கு விலை எங்கிருந்து வருகின்றது என்பது பொருளியல் பயில்வோரும் சிந்திக்கத்தக்க ஒரு வினாவாகும்.

ஒரு பாம்பின் வரலாற்றை எடுத்துக்கொண்டால் விடையின் பெரும்பகுதி கிடைத்துவிடும். மேற்கு ஆபிரிக்காவில் கானா, டோகோ, பெனின் முதலிய நாடுகளில் வாழும் சிறிய மலைப்பாம்பு ஒன்றுண்டு. இலங்கைத் தமிழர் வெங்கிணாந்தி என்று சொல்லும் மலைப்பாம்பின் உறவினம் அது. ஆனால் நாலைந்து அடிக்கு மேல் வளர்வது அரிது. நஞ்சு இல்லை. அச்சம் வந்தால் கடிக்க வராது. தலையை நடுவில் மறைத்து உடலைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்ளும். ஆதலால் அமெரிக்கர் அதனைப் பந்து மலைப்பாம்பு என்பர். ஆங்கிலேயர் அரச மலைப்பாம்பு என்பர். பெனின் நாட்டின் உய்தா நகரிலே இந்தப் பாம்புக்கு ஒரு கோயிலே இருக்கின்றது. அங்கே அது வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அடிப்பவர் இல்லை; மரியாதையாக எடுத்துக் கோயிலிற் கொண்டுபோய் விடுவார்கள். நாகதம்பிரானுக்குப் பால் வைக்கும் வழக்கத்தை அறிந்த நேயர்களுக்கு இது வியப்பாக இராது. வியப்பானது வேறொன்று. அந்தக் கோயில் உள்ள நாட்டிலிருந்தும் அதன் அயல் நாடுகளிலிருந்தும் 1975 ஆம் ஆண்டு தொடக்கம் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தப் பாம்புகள், துணிப் பைகளிலும் பெட்டிகளிலும் இட்டு, உயிரோடு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டிருக்கின்றன.

அவற்றைச் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் ஏழை விவசாயிகள். வரண்ட மாதங்களில் எலி வளைகளையும் புற்றுகளையும் தோண்டி, முட்டை கொண்ட பெண் பாம்புகளையும் முட்டைகளையும் எடுத்துப் பண்ணைகளுக்கு விற்பார்கள். பண்ணையில் முட்டைகள் பொரிக்கும். ஆயிரம் குஞ்சுகள் பொரித்தால் ஆயிரமும் ஏறத்தாழ ஒரே நிறமாக, கரும் பழுப்பில் மங்கிய மஞ்சள் திட்டுகளோடு இருக்கும். இவற்றுக்குப் பண்ணையிற் கிடைக்கும் விலை மிக அற்பம். ஆனால் எப்பொழுதாவது ஒரு குஞ்சு வேறு விதமாகப் பிறந்துவிடும். ஒன்று வெண்மையும் மஞ்சளுமாக, சிவந்த கண்ணோடு இருக்கும்; இன்னொன்றின் உடலில் திட்டுத்திட்டாக நிறமே இராது. பண்ணைக்காரன் அந்த ஒன்றைப் பிரித்து வைப்பான். மற்றத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும் கொண்டுவராத பணத்தை அந்த ஒன்று கொண்டுவந்துவிடலாம். மாட்டுச் சுழியின் கதைதான் இது. ஆனால் இங்கே சுழியைத் தவிர வேறொன்றும் இல்லை.

கரு நிறப்பொருள் அற்ற வெளிறிய பந்துப் பாம்பை 1992 ஆம் ஆண்டில், கூட்டிலேயே இனம்பெருக்கி முட்டையிலிருந்து வெளிவரச் செய்தவர் அமெரிக்கரான பொப் கிளாக் என்பவர். அக்காலத்தில் அத்தகைய குஞ்சு ஒன்றுக்குப் பல ஆயிரம் டொலர் விலை கூறப்பட்டது. கொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். இன்றோ அதே வெளிறிய குஞ்சை நூறு இருநூறு டொலருக்கு வாங்கலாம். பாம்பு மாறவில்லை. அன்று கண்ணைக் கவர்ந்த மஞ்சள் இன்றும் அதே மஞ்சள்தான். வீழ்ந்தது விலை மாத்திரமே. ஏன் வீழ்ந்தது என்பதைச் சிறிது நின்று பார்க்க வேண்டும். இப்பொருளின் உயிர்நிலை அங்கேதான் இருக்கின்றது.

அந்த வெளிறிய நிறம் ஒடுங்கு இயல்பு எனப்படும். மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளில் ஆராய்ந்து வகுத்த விதியை நேயர்களிற் பலர் பள்ளியிற் கற்றிருப்பார்கள். வெளிறிய ஆண் பாம்பைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகளில் ஒன்றாவது வெளிறியதாக இராது. எல்லாம் தாயின் நிறம். ஆனால் தந்தையின் இயல்பு அவை ஒவ்வொன்றிலும் ஒளிந்திருக்கும். அப்படி ஒளிந்திருக்கும் இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒன்று வெளிறிப் பிறக்கலாம். மகளைத் தந்தையோடே சேர்த்தால் இரண்டில் ஒன்று பிறக்கலாம். ஆனால் பெண் பாம்பு முட்டையிடும் பருவத்தை அடைய மூன்று ஆண்டுகள் அளவிற் செல்லும். அதன் பின்பும் ஓர் ஈட்டில் ஆறு முட்டை அளவிலேயே வைக்கும். ஆகவே, 1993 இல் ஓர் ஆணை வாங்கியவன் தன் வீட்டில் முதல் வெளிறிய குஞ்சைக் காண நாலைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பல ஆயிரம் டொலர் கொடுத்து வாங்கியவன் உண்மையில் வாங்கியது ஒரு பாம்பையன்று. அந்த நாலைந்து ஆண்டுகளின் முடிவில் வரப்போகும் குஞ்சுகளையும், அவற்றை அன்றைய விலைக்கு விற்கலாம் என்னும் நம்பிக்கையையுமே வாங்கினான். அவன் ஒருவன் மாத்திரம் வாங்கியிருந்தால் நம்பிக்கை பலித்திருக்கும். ஆனால் அவனைப்போலவே கணக்குப் போட்ட பலர் அதே ஆண்டுகளில் வாங்கியிருந்தார்கள். எல்லோருடைய குஞ்சுகளும் ஏறத்தாழ ஒரே காலத்திற் சந்தைக்கு வந்தன. யாழ்ப்பாணத்து வெங்காயச் செய்கையாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்ற போகத்தில் வெங்காயம் நல்ல விலை போயிற்று என்று இந்தப் போகத்தில் எல்லாரும் வெங்காயம் நட்டால், அறுவடை நாளில் மூட்டை தூக்கும் கூலிகூடத் தேறாது. வெங்காயத்துக்காவது ஒரு நன்மை உண்டு: விலை விழுந்தால் மக்கள் தின்று தீர்த்துவிடுவார்கள். பாம்பு முப்பது ஆண்டுகள் உயிரோடிருக்கும். சந்தையிற் சேர்ந்தது சந்தையைவிட்டு எளிதிற் போகாது.

வளர்ப்போர் இதை விரைவில் உணர்ந்துகொண்டார்கள். உணர்ந்து என்ன செய்தார்கள்? வெளிறிய நிறத்தின் விலை விழவே, அடுத்த புதுமையைத் தேடினார்கள். திட்டு நிறம், வெண்ணெய் நிறம், காவி நிறம் என ஒன்றன்பின் ஒன்றாக இயல்புகள் வந்தன. பின்பு இரண்டு இயல்புகளை ஒரே பாம்பிற் சேர்த்தார்கள், மூன்றைச் சேர்த்தார்கள், ஐந்தைச் சேர்த்தார்கள். இன்று இவ்வினத்தில் ஆயிரக்கணக்கான நிறச் சேர்க்கைகளுக்குப் பெயர் இருக்கின்றது. ஒவ்வொரு சேர்க்கையும் முதல் ஆண்டில் உயர்ந்த விலையிற் புறப்பட்டு, சில ஆண்டுகளிற் சரிந்து, கடைசியிற் கடைச் சரக்காகின்றது. ஓடுங் கயிற்றில் நடப்பவன் நிற்க முடியாதது போன்ற ஒரு தொழில் இது. முதலில் வைத்திருப்பவனுக்கே இலாபம், இரண்டாமவனுக்குப் பாதி, மூன்றாமவனுக்குத் தீனிச் செலவு.

வரலாறு படித்தவர்களுக்கு இங்கே ஒல்லாந்தின் நினைவு வரும். 1630 ஆம் ஆண்டுகளில் அந்நாட்டார் தியூலிப் என்னும் மலரின் கிழங்குக்கு வீட்டு விலை கொடுத்தார்கள். 1637 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே அந்த விலை திடீரென்று சரிந்தது. அப்பொழுது மிகவும் விரும்பப்பட்டவை, இதழிலே தீச்சுவாலை போன்ற கோடுகள் படர்ந்த மலர்கள். அக்கோடுகள் ஒரு நுண்கிருமியினால் உண்டாகும் நோயின் அடையாளம் என்பது இருபதாம் நூற்றாண்டிலேதான் தெரியவந்தது. அந்த நோய் கிழங்கை நலிவித்து அதன் பெருக்கத்தையும் குறைத்தது. அதனாலேயே அம்மலர் அரிதாயிற்று. அரிதானமையால் விலை ஏறிற்று. நோய்க்கே மனிதர் விலை கொடுத்தார்கள்.

பாம்பிலும் இப்படி ஒன்று நேர்ந்தது. சிலந்தி வலைபோல மெல்லிய கருங் கோடுகள் பின்னிய ஒரு வகைப் பந்துப் பாம்பு 1999 ஆம் ஆண்டில் இனம்பெருக்கப்பட்டது. சிலந்தி என்றே பெயரும் பெற்றது. இவ்வியல்பு ஒளிந்திருப்பதன்று, முதல் தலைமுறையிலேயே பாதிக் குஞ்சுகளில் வெளிப்பட்டுவிடும். ஆதலால் மூன்று நாலு ஆண்டு காத்திருக்கும் தொல்லை இல்லை. வாங்கினோர் பலர். ஆனால் அந்தக் கோலத்தோடு கூடவே ஒரு குறையும் பிறந்தது. அப்பாம்பின் தலை நிலையாக நில்லாது. ஆடும், திரும்பும், சிலவற்றில் முறுக்கிக்கொண்டு மேல்நோக்கிப் போகும். இரையைக் கொத்தினால் இலக்குத் தவறும். கோலத்தையும் குறையையும் பிரிக்க எவராலும் முடியவில்லை. 2022 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, இப்பாம்புகளின் உட்செவியில் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்புகள் உருத்திரிந்து இருப்பதைக் காட்டியது. இருந்தும் அந்த இயல்பு நூற்றுக்கணக்கான நிறச் சேர்க்கைகளில் ஏற்கெனவே கலந்துவிட்டது. தலையாட்டம் விலையைக் குறைத்தது உண்மை, விற்பனையை நிறுத்தவில்லை. மாடு நொண்டியானால் சந்தையிலிருந்து திருப்பி ஓட்டிக்கொண்டு வருவார்கள். நிறத்துக்காக வாங்கப்படும் பிராணி நொண்டியானாலும் நிறம் நிறமாகவே இருக்கின்றது.

இனி, ஒளிந்திருக்கும் இயல்புக்கு எப்படி விலை வைப்பது? கண்ணாற் பார்த்தால் முப்பது டொலர்ப் பாம்புக்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. விற்பவன் சொல்லே சாட்சி. ஆகவே விலையின் ஒரு பகுதி பாம்புக்கு அன்று, விற்பவனின் நாணயத்துக்கே கொடுக்கப்படுகின்றது. பல ஆண்டுகள் குறிப்பேடு வைத்து, எந்தத் தாய்க்கு எந்தத் தந்தை என்று எழுதி வைத்தவனின் பாம்பு சற்று அதிக விலை போகும். பெயர் தெரியாதவனின் பாம்பு மலிவாகப் போகும். அண்மைக் காலத்தில், பாம்பு கழற்றிய சட்டையை அனுப்பினால் அதில் ஒளிந்திருக்கும் இயல்பைச் சோதித்துச் சொல்லும் ஆய்வுகூடங்கள் தோன்றியிருக்கின்றன. வாயால் உரைத்ததைத் தோல் உறுதிப்படுத்துகின்றது.

பெண்ணுக்கு விலை அதிகம், ஆணுக்குக் குறைவு என்பதும் பொதுவிதி. ஓர் ஆண் பல பெண்களுக்குப் போதும். முட்டையோ பெண்ணிடமிருந்தே வரவேண்டும். சிறுத்தைப் பல்லி என்னும் இனத்திலே இதற்கு ஒரு விசித்திரமான தீர்வும் உண்டு. அதன் முட்டையில் ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பது அடைகாக்கும் வெப்பமே. 26 பாகை வெப்பத்தில் வைத்தால் ஏறக்குறைய எல்லாம் பெண். 32 பாகைக்குச் சற்று மேலே வைத்தாற் பெரும்பாலும் ஆண். இன்னும் இரண்டு பாகை ஏற்றினால் மறுபடியும் பெண்ணே மிகும். ஆகவே சந்தையில் எது வேண்டுமோ அதற்கேற்றபடி வெப்பமானியைத் திருகி வைக்கிறார்கள். வயது, பருமன், உடல் நலம், இரையை மறுக்காமல் உண்ணும் பழக்கம் என்பனவும் விலையிற் கொஞ்சம் ஏற்ற இறக்கம் செய்யும்.

இவ்வளவும் கேட்டபின், எது அரியதோ அதற்கே விலை அதிகம் என்று ஒருவர் முடிவு கட்டலாம். அது பாதி உண்மை. எங்கே அரியது என்பதையும் கேட்க வேண்டும். பசிபிக் சமுத்திரத்திலே பிரான்சுக்கு உரிய நியூ கலிடோனியா என்னும் தீவிலே, கண்ணுக்கு மேல் இமைமயிர் போன்ற முள்வரிசை கொண்ட ஒரு பல்லி உண்டு. 1866 ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அதற்குப் பெயரிட்டார்கள். பின்பு நெடுங்காலம் அது அகப்படவில்லை; அழிந்துவிட்டது என்றே பலர் கருதினர். 1994 ஆம் ஆண்டில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அத்தகைய பல்லி பொன்னுக்கு நிகராக விற்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் இன்று அது வளர்ப்புப் பல்லிகளில் மலிந்த ஒன்று. நூறு டொலருக்குக் குறைவாகவே பல இடங்களிற் கிடைக்கும். காரணம் எளிது. அதற்கு உயிருள்ள பூச்சி வேண்டாம். பழமாவை நீரிற் கரைத்து வைத்தால் நக்கித் தின்னும். குளிர் நாட்டு வீடுகளிலும் பெரிய வெப்ப விளக்கு வேண்டாம். மாதம் ஒரு முறை அளவில் இரண்டு முட்டையிடும். அகப்பட்ட சிலவற்றிலிருந்து எண்ணற்றவை பெருகிவிட்டன. காட்டில் அதன் வாழ்வு இன்றும் அபாயத்தில்தான் இருக்கின்றது; கடையில் அது மலிந்து கிடக்கின்றது. அடம் சிமித் 1776 இல் எழுதிய பெருநூலிலே, உயிருக்கு இன்றியமையாத நீர் மலிவாயிருக்க, ஒன்றுக்கும் உதவாத வைரம் விலையுயர்ந்திருப்பதேன் என்று வினாவினார். இந்தப் பல்லியைக் கண்டிருந்தால் வைரமே நீரைப் போல மலிந்துவிட்ட கதையையும் அவர் சேர்த்திருப்பார்.

ஆதலால் விலையை நிர்ணயிப்பது காட்டின் வறுமையன்று, கூட்டின் வளமே. கூட்டிற் பெருகுவது எதுவானாலும் விலை விழும். கூட்டிற் பெருகாதது எதுவோ, அதற்குத்தான் காட்டுக்குப் போகிறார்கள். இங்கே விடயம் விளையாட்டாக இராமற் போய்விடுகின்றது.

இந்தோனேசியாவில் றோட்டி என்னும் சிறு தீவு உண்டு. அங்கு வாழும் நீள்கழுத்து ஆமை ஒன்றை 1994 ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் தனி இனமாக விவரித்தார்கள். தென் சீனத்திலே ஒரு குகைப் பல்லியை 1999 இல் அவ்வாறே விவரித்தார்கள். விவரிக்கும்போது, ஆராய்ச்சி முறைப்படி, அவை அகப்பட்ட இடத்தையும் எழுதினார்கள். புதிய இனம், சின்ன இடம், கூட்டில் ஒன்றுகூட இல்லை: வாங்குவோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் டொலர் வரை விலை ஏறியதாக, 2006 ஆம் ஆண்டில் அறிஞர் சிலர் ஓர் ஆராய்ச்சி இதழில் எழுதி எச்சரித்தார்கள். அந்த ஆமை காட்டில் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. அந்தப் பல்லி முதலிற் கண்டெடுக்கப்பட்ட இடத்தில் இல்லாமற் போயிற்று என்றே கருதப்பட்டது. அறிவைப் பரப்ப எழுதிய கட்டுரை வேட்டைக்காரனுக்கு வழிகாட்டியாயிற்று. இப்பொழுது சில அறிஞர் புதிய இனத்தை விவரிக்கும்போது இடத்தை மறைத்தே எழுதுகிறார்கள்.

காட்டிலிருந்து பிடித்ததைக் கூட்டிற் பிறந்தது என்று சொல்லி விற்பதும் உண்டு. கூட்டிற் பிறந்த பிராணிக்கு ஒட்டுண்ணி குறைவு; மனிதர் கைக்குப் பழகியது; சட்டத் தடையும் குறைவு. ஆகவே அதற்கு விலை அதிகம். விலை அதிகமான பெயரைச் சூட்டிக்கொள்ளக் கள்ளச் சரக்குக்கு ஆசை இராதா? இந்தோனேசியாவிலிருந்து பண்ணையிற் பிறந்தவை என்ற பத்திரத்தோடு ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் எண்பது வீதமாவது காட்டிற் பிடிபட்டவை என்று 2011 இல் வெளியிட்டார்கள்.

இலங்கைக்கும் இதிற் பங்குண்டு. நக்கிள்ஸ் மலைகளில் மூக்கு நுனியில் இலைபோன்ற உறுப்பை உடைய ஓணான் ஒன்று வாழ்கின்றது. ஹோர்ட்டன் சமவெளி முதலிய உயர்ந்த குளிர் மலைகளிலே மூக்கிற் கொம்புள்ள ஓணானும், முட்டையிடாமற் குட்டி போடும் குள்ள ஓணானும் வாழ்கின்றன. இவை உலகில் வேறெங்கும் இல்லை. குளிரும் ஈரமும் ஒரு பாகை பிசகினால் நலியும். கூட்டிலே சில குட்டிகளே பிழைக்கும். ஆகவே மேலே சொன்ன விதிப்படி, விலை விழுவதற்கு வழியில்லை. இலங்கைச் சட்டம் பல தசாப்தங்களாக இவற்றை விற்பனைக்கென ஏற்றுமதி செய்ய இடம் கொடுத்ததில்லை. எனினும் ஜேர்மனி முதலிய நாடுகளின் ஊர்வனச் சந்தைகளில் இவை பகிரங்கமாக விலை கூறப்பட்டன. திருட்டுப் பொருள் என்று இலங்கை சொன்னாலும், அங்குள்ள சட்டம் அதை அப்படிக் கொள்ளவில்லை. கடல் கடந்துவிட்டால் சரக்குச் சுத்தமாகிவிட்டது. விலையில் ஒரு பகுதி கடத்தியவன் ஏற்ற அபாயத்தின் கூலியாக இருந்தது. வாங்கியவனுக்கோ அபாயமே இல்லை.

2019 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஜெனீவாவில் நடந்த சர்வதேச மாநாட்டிலே இலங்கை இவற்றுக்காக வாதாடியது. அழிந்துவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையிற் குள்ள ஓணான்களும், இலைமூக்கு ஓணான் உட்படக் கொம்பு ஓணான்கள் சிலவும் சேர்க்கப்பட்டன. மற்றும் சில இரண்டாம் அட்டவணையிற் சேர்ந்து, காட்டிற் பிடித்ததை ஒன்றுகூட வணிகத்துக்கு அனுப்பலாகாது என்னும் விதியைப் பெற்றன. அதே மாநாட்டில் நட்சத்திர ஆமையும் முதலாம் அட்டவணைக்கு ஏறிற்று. முதுகோட்டில் நட்சத்திரம் வரைந்தாற்போன்ற அந்த ஆமை இலங்கையின் வரண்ட பகுதிகளிலும் இந்தியாவிலும் வாழ்வது. இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்தைச் சுற்றி மாத்திரம் ஆண்டொன்றுக்கு 55,000 ஆமைகளாவது பிடிக்கப்படுவதாக 2015 இல் வெளியான ஆய்வு கூறிற்று. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து படகேறி மன்னார்ப் பக்கமாக வந்த ஆமைகளைக் கடற்படையினர் கைப்பற்றிய செய்திகளை நேயர்கள் கேட்டிருப்பார்கள். வயலோரத்தில் அதைப் பொறுக்கியவனுக்குக் கிடைப்பது சில்லறை. ஒவ்வொரு கடலையும் எல்லையையும் கடக்கும்போது ஒரு விலை ஏறுகின்றது. வழியிற் செத்தவற்றின் விலையையும் பிழைத்தவை சுமக்கின்றன.

விலை ஏறினாற் காட்டுக்குக் கேடு. அப்படியானால் விலை இறங்கினால் நன்மையா என்று கேட்கலாம். மலிவாய் வாங்கியதற்கு மதிப்புக் குறைவு என்பது வீட்டுப் பெண்கள் அறிந்த உண்மை. அமெரிக்காவில் சிவப்புக் காது ஆமைக் குஞ்சு, நாணயம் அளவு பருமனில், சில்லறைக் காசுக்கு இலட்சக்கணக்கில் விற்றது. குழந்தைகள் அதனை வாயில் வைத்ததனால் சல்மொனெல்லா நோய் பரவ, நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமையை விற்கலாகாது என்று 1975 இல் அந்நாட்டு அரசு தடுத்தது. ஆனால் பிற நாடுகளுக்கு ஏற்றுமதி தொடர்ந்தது. நாணயம் அளவாய் வந்தது சாப்பாட்டுத் தட்டு அளவாய் வளரும் என்று வாங்கியவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. வளர்ந்ததும் குளத்தில் விட்டார்கள். ஐரோப்பிய நாடுகள் 1997 இல் இறக்குமதியை நிறுத்தியபோது அங்குள்ள குளங்களில் அது ஏற்கெனவே குடியேறிவிட்டது.

புளோரிடாவில் இதனிலும் பெரியது நடந்தது. பர்மா மலைப்பாம்பின் குஞ்சு அங்கே எவரும் வாங்கக்கூடிய விலையில் விற்றது. அது பதினைந்து அடிக்கு மேலும் வளரும். அதற்குரிய கூடு ஓர் அறை அளவு. அதற்குரிய இரை முயலும் கோழியும். குஞ்சின் விலையைப் பார்த்தவன் கூட்டின் விலையைப் பார்க்கவில்லை. சில தப்பின, சில வேண்டுமென்றே விடப்பட்டன. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்திற் பெருகிய அந்தப் பாம்புகள் அங்குள்ள சிறு விலங்குகளைத் தின்று தீர்த்தன. ரக்கூன் என்னும் பிராணி கண்ணிற் படுவது 99 வீதத்துக்கு மேற் குறைந்துவிட்டது என்று 2012 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அதே ஆண்டில் அப்பாம்பின் இறக்குமதியை அமெரிக்க அரசு தடைசெய்தது. அதற்குப் பின்னரும் அவற்றைப் பிடிப்பதற்கென்று ஆள் வைத்து, கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. கடையில் மலிவாய்ப் போன குஞ்சின் மீதி விலையைப் பொதுமக்கள் வரியாகச் செலுத்துகிறார்கள்.

இன்று ஒரு கடையிற் பந்துப் பாம்பின் சாதாரணக் குஞ்சை வாங்குகிறவன், அது வாழவேண்டிய பெட்டி, வெப்பமூட்டும் கருவி, வெப்பத்தைக் காக்கும் கட்டுப்பாட்டுக் கருவி என்பனவற்றுக்குப் பாம்பைப் போலப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டும். பின்பு எலி வாங்க வேண்டும். மிருக வைத்தியருக்குக் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் விலைச் சீட்டில் எழுதப்படுவதில்லை. அதிலும் எழுதப்படாத ஒன்று காலம். அமெரிக்காவில் சென்ற் லூயிஸ் நகர மிருகக்காட்சிச்சாலையிலே, தனி ஒருவர் 1961 ஆம் ஆண்டிற் கொண்டுவந்து ஒப்படைத்த பெண் பந்துப் பாம்பு ஒன்று இருந்தது. நிறத்திற் சாதாரணமானதுதான், சந்தையில் எவரும் திரும்பிப் பாராத கரும் பழுப்பு. 2020 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அறுபது வயதைக் கடந்த அந்தப் பாம்பு, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஆண் பாம்பின் அருகில் இராமலே, ஏழு முட்டைகளை இட்டு அவற்றைச் சுற்றிச் சுருண்டு கிடந்ததைக் காவலர்கள் கண்டார்கள்.